ஆறு முதல் ஏழு வரை

ஐந்து ஐம்பத்தெட்டுக்கே நாற்காலியை இழுத்து வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்துவிட்டேன். மரக்கதவு திறந்திருக்கிறது. கம்பிக்கதவு திறந்திருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற தெருக்கதவையும் இறங்கிப் போய் விரியத் திறந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் செங்கல் முட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். காலிங் பெல்லை வெளியே நின்று மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன். கரண்ட் இருக்கிறது, சத்தம் வருகிறது. மூன்றாவது தடவைக்கு உள்ளேயிருந்து ஆசீர், யார் வந்திருக்கிறது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் ஒரு வாரமாக இதற்கெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. முன்பெல்லாம் கேலி பண்ணுவார், வாட்ச்மேன் வேலைக்குச் சம்பளம் உண்டா என்பார். கட்டின புருஷன் கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டால் மனதுக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது. இப்போது ஆறு மணி இரண்டு நிமிஷம். இன்னும் ஐம்பத்தெட்டு நிமிஷம் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கழிவறைக்குப் போகக் கூடாது, முக்கியமாக அங்கே போகக் கூடாது, ஏனென்றால் அவர்கள் வந்தால் கேட்கப்போவது மூத்திரத்தைத்தான்.

அவர்கள் என்றால் ஊக்கமருந்து சோதனை செய்கிறவர்கள். நாட்டுக்காக ஓடுகிறவர்கள் வருஷம் முழுக்க, ஒவ்வொரு நாளும், இந்த ஒரு மணி நேரம் இந்த இடத்தில் இருப்பேன் என்று ஓர் ஆப்பில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்லாட் என்போம். அந்த நேரத்தில் எந்த நாளும் சொல்லாமல் வந்து நிற்பார்கள், கையில் ஒரு டப்பாவோடு. வராமலும் இருப்பார்கள், மாதக்கணக்கில். வந்த அன்றைக்கு எழுதிக் கொடுத்த இடத்தில் ஆள் இல்லை என்றால் ஒரு தவறல். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறல் ஆனால், ஊசி போட்டு மாட்டிக்கொண்டவளும் நானும் ஒன்றுதான். இரண்டு வருஷம் ஓடக் கூடாது. எனக்கு இரண்டு ஆகிவிட்டது. ஆகஸ்ட் பத்தொன்பது வந்தால் முதலாவதற்கு வருஷம் முடிந்து அது கழிந்துபோகும். இன்று ஏப்ரல் ஏழு. செப்டம்பரில் ஆசியப் போட்டி. எனக்கு முப்பது வயது நடக்கிறது. இருநூறு மீட்டரில் முப்பத்திரண்டு வயதில் திரும்பி வந்து யாரும் ஒன்றும் கிழித்ததாக எனக்குத் தெரியாது. அதுகூடப் போகட்டும். பேப்பரில் எப்படிப் போடுவார்கள்? வீட்டில் இல்லாததால் தடை என்றா போடுவார்கள்? ஊக்கமருந்து விவகாரம், நெல்லை வீராங்கனை பெனிட்டாவுக்குத் தடை என்று போட்டு, நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிற போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைப்பார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும்.

நான் ஒன்றும் பிறக்கும்போதே சந்தேகப் பிராணி இல்லை. பிளஸ் டூ படிக்கும்போது என் ஸ்பைக்ஸைக் கேட்டவளுக்கெல்லாம் கழற்றிக் கொடுத்திருக்கிறேன், கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓடியும் இருக்கிறேன். சந்தேகம் எனக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. தேசிய முகாமில் முதல் வாரமே ஒரு வகுப்பு. வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மா வந்து, நீங்கள் திறந்த தண்ணீர் பாட்டிலை நீங்களே கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பினால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள், கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள் என்றார். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்றார். தோழி கொடுத்தாலும், அம்மா கொடுத்தாலும். எல்லோரும் சிரித்தோம். மறு வாரம் எங்கள் விடுதிக் குளியலறைச் சாக்கடையில் நான்கு ஊசி மிதந்தது. பதினெட்டுப் பேர் தங்கியிருந்த மாடி. யாருடையது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் அந்த மாடியில் யாரும் யார் பாட்டிலையும் தொடவில்லை, யாரும் கதவைத் திறந்து வைத்துத் தூங்கவில்லை. பத்து வருஷம் அப்படி இருந்து பழகிவிட்டு, வீட்டுக்கு வந்து மாமியார் சுக்குத் தட்டிப் போட்ட கஷாயத்தை நீட்டும்போது அதை வாங்காமல் நின்றேன். அதில் என்னென்ன போட்டீங்க என்று கேட்டேன். கேட்டது நான் இல்லை, அந்த வெள்ளைக் கோட்டு அம்மா. ஆனால் மாமியாருக்கு அது தெரியாதே. அவர் தம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு மகள் வீட்டுக்கு நாகர்கோவில் போனவர்தான், இங்கே வருவதில்லை.

ஆறு பத்தொன்பது. போன் அடிக்கிறது. சங்கரபாண்டியன் சார். என் கோச், பன்னிரண்டு வருஷமாக. பாளையங்கோட்டை ஸ்டேடியத்தில் இந்நேரம் பிள்ளைகளுக்கு வார்ம்-அப் கொடுத்துக்கொண்டிருப்பார். ஸ்லாட் நேரத்தில் எனக்குப் போன் பண்ணுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். பின்னே எதற்கு? எடுக்கவில்லை. மடியில் வைத்து அது அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எடுத்தால் என்ன சொல்வார்? உடனே கிளம்பி வாம்மா, ஃபெடரேஷனிலிருந்து ஒரு பெரிய ஆள் வந்திருக்கிறார் என்பார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடுவேன். பேட்டையிலிருந்து டவுன், ஜங்ஷன், ஆற்றுப்பாலம் எல்லாம் தாண்டி ஸ்டேடியத்துக்குக் காலை நேரமானாலும் இருபது நிமிஷம். நான் பாலத்தில் போகும்போது இங்கே டப்பாவோடு வந்து நிற்பார்கள். மூன்றாவது. கதை முடிந்தது. அவர் அப்படிச் செய்கிறவரா என்று கேட்டால், பன்னிரண்டு வருஷமாக இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஜனவரிக்கு அப்புறம் எனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் நடந்தது இது. நாகர்கோவிலில் ஆசீரின் சித்தப்பா மகள் கல்யாணம், இரண்டு நாள் அங்கே தங்க வேண்டும். ஆப்பில் எழுதுகிறதையெல்லாம் அதுவரை சார்தான் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்த ஆப்பைத் திறந்தாலே தலை சுற்றும், ஒன்றுக்குள் ஒன்றாகப் பக்கம் பக்கமாகப் போகும். நாகர்கோவில் அட்ரஸ் மாத்திட்டேம்மா, நீ நிம்மதியாப் போயிட்டு வா என்றார். போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கல்யாண மண்டப வாசலில் நின்றேன், பார்க்கிறவர்கள் பன்னீர் தெளிக்கிறவள் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் இங்கே பேட்டைக்கு வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். மாற்றியது ஏறவில்லையாம். அன்னைக்கு நெட்டு சரியில்லைம்மா, என் தப்புதான் என்றார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நானும் அழுதுவிட்டு விட்டுவிட்டேன். பிறகுதான் இசக்கியைக் கவனித்தேன். இசக்கிக்கு இருபது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள். வளைவிலிருந்து நேர்க்கோட்டுக்கு வரும்போது அந்தப் பெண்ணின் இடுப்பு ஆடாது, அதை யாரும் சொல்லிக்கொடுத்து வராது. எனக்கும் அவளுக்கும் தூரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆசியப் போட்டிக்கு இருநூறு மீட்டரில் என் நேரத்தைத் தாண்டாமல் அவள் போக முடியாது, அல்லது நான் இல்லாமல் போக வேண்டும். போன மாதம் முகாமில் ஒரு நாள் சார் அவளுக்கு நேரம் பிடித்தார். நான் பக்கத்தில் போய், எவ்வளவு சார் என்று கேட்டேன். ஸ்டாப்வாட்சை உள்ளங்கைக்குள் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இருக்கும் ஒரு இருபத்தி நாலு என்றார். அவள் ஓடினது இருபத்தி நாலு விநாடி இல்லை, அதைவிடக் குறைவு. பன்னிரண்டு வருஷம் ஓடியவளுக்கு வாட்ச் எதற்கு? கண்ணே சொல்லும். ஏன் மறைத்தார்? எனக்கு மனசு வலிக்கும் என்றா? வலிக்கும் என்று தெரிந்தவருக்கு அவள் என்னைத் தாண்டிவிட்டாள் என்றும் தெரிந்திருக்க வேண்டுமே.

அதனால்தான் குருத்தோலை ஞாயிறு அன்று, முகாமிலிருந்து ஒரு நாள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தபோது, கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டு, ஆசீர் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன நேரத்தில், நானே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன். மார்ச் முழுக்க நான் பாளையங்கோட்டை விளையாட்டு விடுதியில் முகாமில் இருந்தேன், ஏப்ரலிலிருந்து வீடு. இரவு எங்கே தங்குகிறாய் என்ற கட்டத்தில் ஒவ்வொரு நாளாக வீட்டு விலாசத்தைப் போட்டேன், ஏப்ரல், மே, ஜூன், தொண்ணூற்றொரு நாள். விரல் வீங்கிப்போயிற்று. கடைசியில் பச்சையாக ஒரு டிக் வந்தது. சார் இரண்டு நாள் கழித்துக் கேட்டார், பாஸ்வேர்டு மாத்திட்டியாம்மா, ஒரு தடவை நான் பாத்துக்கிடுதேன் என்று. அந்தக் குழைவு எனக்குப் பிடிக்கவில்லை. நானே எல்லாம் பண்ணிட்டேன் சார் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். நன்றாகத்தான் பார்க்கட்டும். என் பெயர், என் மூத்திரம், என் கால். இதற்கு நடுவில் இன்னொருத்தர் எதற்கு. மறுபடியும் அடிக்கிறார். ஆறு இருபத்தைந்து. இரண்டாவது தடவை. கட் பண்ணினேன். உடனே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் ஒன்று வந்து விழுகிறது, பதினோரு விநாடி. மனுஷன் எழுத்துக்கூட்டி அடிக்கமாட்டார், எல்லாவற்றுக்கும் வாய்ஸ்தான். கேட்டால் நீலமாகிவிடும். போனைக் கையில் வைத்துக்கொண்டே எடுக்காமல் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கேட்கவில்லை. ஒருத்தியைக் கெடுக்கப் பதினோரு விநாடி போதும், நான் நூறு மீட்டரை அதைவிடக் கொஞ்சம் அதிகமாக எடுத்து ஓடியே இந்த ஊருக்கு ரயில்வே வேலையோடு வந்தேன்.

குளியலறையில் துணி அடிக்கிற சத்தம். ஆசீர் தன் சட்டையைத் தானே துவைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. சட்டை, பனியன், பிறகு குளியல், பிறகு ஷேவிங், எல்லாம் முடிந்து வர அரை மணி நேரம். நல்லவர். நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதல் தவறல் ஆன அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்தார். போன ஆகஸ்டில் கரண்ட் இல்லாத காலை. நான் பின்கட்டில் முதுகுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பெல் அடிக்கவில்லை. கதவைத் தட்டினார்களாம், பலமாக, பத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆசீர் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒண்ணும் கேக்கலையே பெனி என்றார். விடைத்தாள் திருத்தும்போது அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் தட்டினது நம் கதவை. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனவரியில் இரண்டாவதும் ஆன அன்று ராத்திரி, நாகர்கோவிலிலிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில், நான் அழுதுகொண்டு வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "மூணாவதும் ஆயிட்டாத்தான் என்ன, ரெண்டு வருஷம் வீட்ல இருக்கலாம்லா." சமாதானத்துக்குச் சொன்னார். சமாதானத்துக்குத்தான் சொன்னார். இரண்டு வருஷம் வீட்டில். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். குழந்தை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று நான்தான் தள்ளிக்கொண்டு வருகிறேன். அவர் ஒரு நாளும் முகம் கோணவில்லை. ரெண்டு வருஷம் வீட்ல இருக்கலாம்லா. அந்த ‘லா’வில் ஓர் ஆசை இருந்ததா? பஸ்ஸில் சத்தம் அதிகம். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சரியாகக் கேட்காததை மூன்று மாதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறு முப்பத்தொன்று. கீழே ஒரு பைக் நிற்கிற சத்தம். எழுந்துவிட்டேன். வரட்டும், வந்து தொலையட்டும், இரண்டு தம்ளர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது, டப்பாவை நிறைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடுவேன். பைக் திரும்பிப் போய்விட்டது. பேப்பர் போடுகிறவர். உட்கார்ந்தேன். ஓட்டத்தில் எனக்குப் பிடித்த இடமே இந்தக் காத்திருப்புத்தான் என்று ஒரு காலத்தில் பேட்டியெல்லாம் கொடுத்திருக்கிறேன். பிளாக்கில் கால் வைத்து, செட் என்ற குரலுக்கு இடுப்பைத் தூக்கி, துப்பாக்கிக்கு முன்னால் அந்த ஒன்றரை விநாடி. அப்போது பக்கத்து லேனில் யார் என்பதுகூட மறந்துபோகும். தோஹாவில் ஆசிய சாம்பியன்ஷிப் அரையிறுதியில் அப்படி நின்றபோது ஒரு நொடி என் இதயத் துடிப்பே துப்பாக்கி மாதிரிக் கேட்டு, நான் துள்ளிவிட்டேன். ஃபால்ஸ் ஸ்டார்ட். சிவப்பு அட்டை. மூவாயிரம் கிலோமீட்டர் போய் ஒரு அடிகூட ஓடாமல் திரும்பினேன். அன்றைக்கும் முதலில் என்ன செய்தேன்? இரண்டாவது லேன்காரி அசைந்தாள், அதனால்தான் நான் போனேன் என்று அதிகாரியிடம் கையைக் காட்டினேன். வீடியோவில் பார்த்தால் அவள் சிலை மாதிரி நிற்கிறாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாருக்குத் தெரியும், அவரும் கேட்டதில்லை. விமான நிலையத்தில் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அடிப்பது என் போன் இல்லை. படுக்கையறையில் ஆசீரின் போன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாமா? வாசல் இங்கிருந்து தெரியும், ஆறு எட்டு வைத்தால் போதும். போய்ப் பார்த்தேன். கட்டில் மேல் கிடந்து அதிர்ந்துகொண்டிருக்கிறது. திரையில் கோச் சங்கரபாண்டியன். ஆறு முப்பத்தாறு. இவர் எதற்கு அவருக்குப் போன் பண்ணுகிறார்? அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறவர்களே இல்லையே. கிறிஸ்மஸுக்குக் கேக் கொடுக்கப் போனால் நாலு வார்த்தை, அதோடு சரி. அல்லது எனக்குத் தெரியாமல் பேசிக்கொள்கிறார்களா? ஒருத்தருக்கு இசக்கி போக வேண்டும், இன்னொருத்தருக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றேதான். நான் ஓடக் கூடாது. ஏன் இவ்வளவு நாள் இதைச் சேர்த்துப் பார்க்கவில்லை? ஆகஸ்டில் இவருக்குக் காது கேட்கவில்லை, ஜனவரியில் அவருக்கு நெட் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று. மூன்றாவதை இன்றைக்குச் சேர்ந்து முடிக்கப் பார்க்கிறார்கள், என்னை எழுப்பி வெளியே அனுப்பு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவில் ஆசீர் பாமாலை ஒன்றை முனகுவது கேட்கிறது. நிம்மதியாகப் பாடுகிறார். போன் நின்று மறுபடியும் ஆரம்பித்தது. நான் அதை எடுத்துப் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அணைத்துத் தலையணைக்கு அடியில் வைக்கப் போய், அப்புறம் இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்தேன். திருடியைப் போல அதைச் செய்தேன், திருடியைப் போல வாசலைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தேன். வாசலில் யாரும் இல்லை.

ஆறு நாற்பத்தொன்று. இப்போது என் போனில் ஏதோ லேண்ட்லைன் நம்பர், பாளையங்கோட்டை நம்பர். பெயர் இல்லை. இது எனக்கு மனப்பாடம்: சோதனைக்காரர்கள் போன் பண்ணிச் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள், பெல் அடிப்பார்கள், கதவைத் தட்டுவார்கள். ஆகவே போன் பண்ணுகிறவர்கள் அவர்கள் இல்லை. ஆகவே எனக்கு இந்த நேரத்தில் யாருடைய போனும் வேண்டாம். கட் பண்ணினேன். சாரின் நம்பர் மறுபடியும். கட். ஐந்தாவது தடவை. எவ்வளவு அவசரம் பார், என் ஸ்லாட் முடிய இன்னும் பத்தொன்பது நிமிஷந்தான் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன். அப்பாடா என்றிருந்தது. காற்று கொஞ்சம் உள்ளே வந்தது. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. ஏழு மணி ஆகட்டும். ஏழு அடித்ததும் நானே ஸ்டேடியத்துக்குப் போவேன், எல்லோர் முன்னாலும் சாரிடம் கேட்பேன், எதற்கு என் புருஷனுக்குப் போன் பண்ணினீர்கள் என்று. இசக்கி கேட்கட்டும். அப்புறம் வேறு கோச் பார்த்துக்கொள்வேன், பெங்களூர் போய்விடுவேன். ஆசீரிடம் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? எனக்கு அதுதான் பயம். தடையைவிட அதுதான் பயம் என்று இந்த நிமிஷம் நினைக்கிறேன், அடுத்த நிமிஷம் இல்லை, தடைதான் என்று நினைக்கிறேன். இரண்டும் மாறி மாறி வருகிறது. ஆறு நாற்பத்தேழு. ஆறு நாற்பத்தெட்டு. இன்றைக்கும் தப்பித்தேன் போலிருக்கிறது.

குளியலறைக் கதவு திறந்தது. ஆசீர் துண்டோடு படுக்கையறைக்குப் போகிறார். சார்ஜ் இருந்துச்சே, எப்படி ஆஃப் ஆச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்கிறது. நான் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறேன். போனுக்கு உயிர் வருகிற அந்த மெல்லிய சத்தம். ஒரு நிமிஷம்கூட இருக்காது, அது அலறியது. அவர் எடுத்தார். சொல்லுங்க சார் என்றார். இயல்பாகத்தான் சொன்னார், அல்லது இயல்பாகச் சொல்லப் பழகியிருந்தார். பிறகு ஈரக்காலோடு ஓடி வந்தார், போன் காதிலேயே இருந்தது, ஷேவிங் சோப்பு ஒரு கன்னத்தில் அப்படியே இருந்தது.

"பெனி, அவங்க ஹாஸ்டல்ல வந்து நிக்காங்களாம். ஆறு மணியில இருந்து நிக்காங்களாம். சார் ஒனக்கு அடிச்சு அடிச்சுப் பாத்திருக்காரு. வார்டனும் அடிச்சிருக்காங்க. ஸ்லாட்டு ஹாஸ்டல்னுதான் இருக்காம்."

இல்லை என்றேன். வீடு, நான் வீடு என்றுதான் போட்டேன், தொண்ணூற்றொரு நாளும் போட்டேன் என்றேன். போனை உயிர்ப்பித்து ஆப்பைத் திறந்தேன். இரவு தங்குமிடம் என்று ஒரு பக்கம், அதில் வீடு. அதற்கு அடுத்த பக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் அன்றைக்குத் திறக்கவேயில்லை. ஒரு மணி நேர ஸ்லாட்டுக்கு அங்கே தனியாக விலாசம் போட வேண்டுமாம். அதில் மார்ச் மாதத்து விடுதி விலாசமே நாள் நாளாகத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது, ஜூன் முப்பது வரைக்கும். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து ஒவ்வொரு காலையும் நான் யாரும் வராத வாசலைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கத்தைத்தான் சார் எப்போதும் பார்த்துப் போடுவார். ஒரு தடவை பாத்துக்கிடுதேன் என்று கேட்டது இதற்குத்தான். கடைசியாகத் திருத்தியது, குருத்தோலை ஞாயிறு, மாலை மூன்று பன்னிரண்டு, என் பெயர். ஆறு பத்தொன்பதுக்கு அவர் போனை எடுத்திருந்தால் ஆறே முக்காலுக்குள் அங்கே இருந்திருப்பேன். வாய்ஸைக் கேட்டிருந்தால்கூடப் போதும், கடைசி நிமிஷத்தில் உள்ளே நுழைந்திருப்பேன். எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. அவ்வளவும் புரிந்த பிறகும் மனசு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டது, யார் மாற்றியது, யார் மாற்றியது என்று.

ஆசீர் ஈர உடம்பிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கீழே ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம், ஹாரன், இறங்கி வா பெனி என்ற குரல். படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. மணி ஆறு ஐம்பத்தைந்து. ஐந்து நிமிஷத்தில் யாராலும் ஆற்றைத் தாண்டிப் போக முடியாது, அது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா? தெரிந்தும் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு காத்திருந்தார். ஏறு, போய்க் கையக் காலப் பிடிச்சாவது கேட்டுப் பாப்போம், போகாம இருந்தா அதுவும் ஒரு குத்தமாயிரும் என்றார். நான் ஏறவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டேன்.

"குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு என் போனை நீங்க தொட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கன்னத்தில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது, எஞ்சின் நின்றுவிட்டது. எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"பெனி," என்றார் மெதுவாக, "ஒனக்கு ஓடணுமா, இல்ல யாரையாவது பிடிக்கணுமா?"

ஓடணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் சட்டைப்பையில் போன் ஒரு தடவை அதிர்ந்து வெளிச்சம் காட்டியது. யார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.